கால் சாட்சி, அரைக்கால் சாட்சி... ஒரு வியாபாரியைக் கொன்ற வதந்தியும், விடாமல் போராடிய வால்டேரும்!

வால்டேர், ரூசோ, மாண்டெஸ்கியூ... பிரெஞ்சுப் புரட்சி பாடத்தில் இந்த மூன்று பெயர்களையும் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதிவிட்டு மறந்திருப்போம். ஆனால், இவர்களில் ஒருவர் பகுத்தறிவு, தனிமனித உரிமை என்று புத்தகம் எழுதியதோடு நிற்கவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு ஜவுளி வியாபாரியின் குடும்பத்துக்காக மூன்று வருடங்கள் போராடினார்.

கடைக்குள் ஒரு மரணம்

1761 அக்டோபர் 13, இரவு. தெற்கு பிரான்ஸின் துலூஸ் நகரம். ஜவுளிக்கடைக்காரர் ழான் காலாஸின் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது. விருந்தாளியை வழியனுப்பக் கீழே வந்தவர்கள், கடைக்குள் மூத்த மகன் மார்க் அந்துவான் இறந்திருப்பதைப் பார்த்து அலறினார்கள். அவருக்கு வயது 28. சட்டம் படித்தும் வக்கீலாக முடியாதவர். அன்றைய பிரான்ஸில் வக்கீலாக வேண்டுமென்றால் கத்தோலிக்கர் என்று சான்று காட்ட வேண்டும். காலாஸ் குடும்பமோ புராட்டஸ்டன்ட்.

தெருவே கூடியது. 'மகன் கத்தோலிக்கராக மாற இருந்தார், அதனால் அப்பாவே கொன்றுவிட்டார்' என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், ஊர் முழுக்க அதே பேச்சு.

யாரோ வந்து கொன்றுவிட்டதாகத்தான் குடும்பத்தினர் முதலில் சொன்னார்கள். பிறகு, மகன் தூக்கில் தொங்கியதாக மாற்றிச் சொன்னார்கள். தற்கொலை செய்துகொண்டவரின் உடலைத் தெருவில் இழுத்துச் செல்வது அந்தக் காலத்துத் தண்டனை. மகனின் உடலுக்கு அந்த அவமானம் வரக்கூடாது என்று சொன்ன பொய், அப்பாவுக்கே எதிராகத் திரும்பியது.

எட்டு வதந்தி, ஒரு சாட்சி

துலூஸ் நீதிமன்றத்தில் ஒரு விசித்திரக் கணக்கு இருந்தது. காதில் விழுந்த பேச்சு கால் சாட்சி. அதைவிட மங்கலான பேச்சு அரைக்கால் சாட்சி. இப்படி அரைக்கால் எட்டு சேர்ந்தால் முழு சாட்சி! இதைப் பின்னாளில் வால்டேர் கடுமையாகக் கேலி செய்தார்.

1762 மார்ச் 9-ம் தேதி, 8 நீதிபதிகள் மரண தண்டனைக்கு ஆதரவாகவும் 5 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். மறுநாளே காலாஸைச் சித்திரவதை செய்து, சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். வலி தாங்காமல் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அந்த 63 வயது மனிதர் கடைசிவரை, தான் நிரபராதி என்றே சொன்னார்.

வால்டேர் கேட்ட கேள்விகள்

செய்தி வந்தபோது 67 வயது வால்டேர், ஜெனீவாவுக்கு அருகே ஃபெர்னேயில் இருந்தார். உடனே அவர் யாரையும் நம்பிவிடவில்லை. மதவெறி பிடித்த தகப்பனாக இருக்கலாம் என்றுகூட முதலில் நினைத்தார். காலாஸின் இளைய மகனை வரவழைத்துப் பேசினார், பலரிடமும் விசாரித்தார். பிறகுதான் கேள்விகளை அடுக்கினார்.

வயதான ஒருவர் 28 வயது வாலிபரைத் தனியாக எப்படித் தூக்கிலிட முடியும்? வீட்டில் இருந்த எல்லோரும் சேர்ந்து செய்தார்கள் என்றால், ஒருவருக்கு மட்டும் மரண தண்டனை ஏன்? இன்னொரு மகன் ஏற்கெனவே கத்தோலிக்கராக மாறியிருந்தார். அவருக்கு அப்பா பணம் கொடுத்துவந்தாரே, அது எப்படி?

மக்களின் உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் காக்கத்தான் அரசாங்கம் என்று இங்கிலாந்தின் ஜான் லாக் எழுதியிருந்தார். அதிகாரம் ஒரே கையில் குவிந்தால் சுதந்திரம் இருக்காது என்று 1748-ல் மாண்டெஸ்கியூ எழுதினார். துலூஸில் விசாரணை ரகசியமாக நடந்தது. தீர்ப்புக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் நீதிபதிகளுக்கு இல்லை. அதனால் வால்டேரின் முக்கியக் கோரிக்கை எளிமையானது: வழக்கின் ஆவணங்களை வெளியே காட்டுங்கள்.

வக்கீல்களை ஏற்பாடு செய்தார். காலாஸின் மனைவியை பாரிஸுக்கு அனுப்பினார். செல்வாக்குள்ளவர்களுக்குக் கடிதங்கள் எழுதிக் குவித்தார். 1763-ல் மத சகிப்புத்தன்மை பற்றிய தன் புகழ்பெற்ற நூலையும் வெளியிட்டார். 1764 ஜூனில் பழைய தீர்ப்பு ரத்தானது. 1765 மார்ச் 9 அன்று, தண்டனை விதித்து சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, காலாஸ் நிரபராதி என்று அறிவிக்கப்பட்டார். மன்னர் 36,000 லிவர் பணம் கொடுத்தார். காலாஸ்தான் இல்லை.

நமக்கு வந்த உரிமை

அதே காலத்தில், 1764-ல், இத்தாலியின் பெக்காரியா ஒரு சிறு நூல் எழுதினார். சித்திரவதையில் பலசாலி தப்பிப்பான், பலவீனன் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வான் என்பது அவர் வாதம். வால்டேர் 1766-ல் அதற்கு விளக்கவுரை எழுதினார். கால் சாட்சிக் கணக்கைக் கேலி செய்தது அதில்தான்.

1789-ல் பிரான்ஸின் மனித உரிமைப் பிரகடனம், குற்றவாளி என்று அறிவிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதியே என்று 9-வது பிரிவில் எழுதிவைத்தது. 1948-ல் ஐ.நா. சபையின் பிரகடனத்திலும் அது இடம்பெற்றது.

இன்றைக்கு வதந்தி பரவ தெருவில் கூட்டம் கூட வேண்டியதில்லை. கையில் இருக்கும் போன் போதும். 'இவன்தான் செய்தான்' என்று எட்டு குரூப்பில் ஒரே மெசேஜ் வரலாம். எட்டும் சேர்ந்தாலும் அது ஒரு சாட்சி ஆகாது.