வெப்பத்தால் இறுகும் பிசின்கள்

மெழுகைச் சூடாக்கினால் உருகும். ஆறவிட்டால் மீண்டும் இறுகும். குயவன் சூளையிலிட்ட மட்பாண்டமோ ஒருமுறை சுட்டபின் மீண்டும் களிமண்ணாவதில்லை. செயற்கைப் பிசின்களும் இவ்வாறே இருவகைப்படும். மெழுகின் இயல்புடையவை வெப்பத்தால் இளகுவன. மட்பாண்டத்தின் இயல்புடையவை வெப்பத்தால் இறுகுவன. நாரும் பிசினுஞ் சேர்த்து ஆக்கப்படும் கலப்புப் பொருள்கள் கடும் வெப்பத்தைத் தாங்கவேண்டுமாயின், பெரும்பாலும் பின்னவையே வேண்டப்படும்.

பீனோலும் அல்டிகைட்டுகளுஞ் சேர்ந்து பிசினாதலை 1872 ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் அடொல்ப் வொன் பேயர் கண்டார். அப்பொருள் பயனற்றதென ஒதுக்கப்பட்டது. பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இலியோ பேக்லன்ட் 1907 ஆம் ஆண்டில் அதனை வயப்படுத்தினார். பீனோலும் போமல்டிகைட்டுந் தாக்கமுறும்போது பிரியும் நீர் ஆவியாகிப் பிசினுட் குமிழிகளை உண்டாக்கும். பிறர் வெப்பத்தைக் குறைத்து இதனைத் தவிர்க்க முயன்றனர். பேக்லன்டோ வெப்பத்தை உயர்த்தி, உடன் மிகுந்த அமுக்கத்தையுஞ் செலுத்தினார். குமிழிகள் அடங்கின; பேக்கலைற்று பிறந்தது.

இறுகுதலாவது மூலக்கூறுகளின் பிணைப்பேயாகும். தொடக்கத்தில் அவை சிறியனவாய்த் தனித்தனி இயங்குவதாற் பிசின் பாயும். வெப்பமேற அவை கிளைத்துத் தம்முட் பிணைந்து, ஈற்றில் முழுப்பொருளையுந் தழுவிய வலையாகின்றன. அப்போது பிசின் பாயுந்தன்மையை இழக்கும். வலை நெருங்க நெருங்க, பொருள் மென்மையடைதற்கு வேண்டிய வெப்பநிலையும் உயரும். அது உலையின் வெப்பநிலையை எட்டியதும் மூலக்கூறுகள் அசைய இயலாது நிற்கும். தாக்கமும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். எஞ்சிய முனைகளும் இணையவேண்டுமாயின் உலையை மேலுஞ் சூடாக்கவேண்டும். ஆகவே, பிற்காலத்தில் உயர்ந்த வெப்பத்தைத் தாங்கவேண்டிய பிசின், பக்குவமாகும்போதே உயர்ந்த வெப்பத்தைச் சந்தித்தல் இன்றியமையாதது.

1970களில் நாசாவின் லூயிஸ் ஆய்வு நிலையத்தில் உருவாக்கப்பட்ட பி.எம்.ஆர்.-15 என்னும் பிசின் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. காபன் நாரில் ஊறிய இப்பிசினை ஏறத்தாழ 200 பாகை சதமவளவையில் வைக்க, அற்ககோலும் நீரும் வெளியேறுகின்றன. அவை நீங்கியபின் அமுக்கஞ் செலுத்தி 316 பாகைவரை சூடாக்க, மூலக்கூறுகளின் முனைகள் குறுக்கே பிணைகின்றன. இவ்வாறு பக்குவமான பொருள் ஏறத்தாழ 288 பாகையில் நெடுங்காலம் உழைக்கும். ஆவி நீங்குமுன் வலை இறுகினால், பொருளினுள்ளே வெற்றிடங்கள் சிறைப்படும்; வலிமை குன்றும். அக்குறையை மீண்டும் உருக்கித் திருத்த வழியில்லை.

பீனோற் பிசினின் உழைப்பும் முடிந்துவிடவில்லை. 2006 சனவரி 15 இல், வால்வெள்ளியின் தூசியைச் சுமந்த ஸ்ரார்டஸ்ற் விண்கலன் செக்கனுக்கு ஏறத்தாழ 12.9 கிலோமீற்றர் வேகத்திற் புவியின் வளிமண்டலத்துட் புகுந்தது. காபன் நாரிற் பீனோற் பிசின் ஊட்டிய கவசமே அதன் முகப்பில் இருந்தது. அப்பிசின் உருகி வழியவில்லை. கரியாகி, வாயுக்களை வெளிவிட்டு, வெப்பத்தைத் தானே ஏற்றது. தூசி பழுதின்றித் தரைசேர்ந்தது. பயனற்றதென ஒருகால் ஒதுக்கப்பட்ட பிசினின் வழிவந்ததே அக்கவசம்.