வீட்டில் நோயாளி, தொலைவில் மருத்துவர்

மாணவர்களே, கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் நுரையீரலுக்குப் பகைவர் பலர். பஞ்சாலையில் பருத்தித் தூசு. அடுப்படியில் வேலிக்கருவை விறகின் புகை. இவற்றோடு பீடியும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுக்கணக்கில் இவற்றைச் சுவாசித்தோர் பலருக்கு முதுமையில் மூச்சுக்குழாய்கள் சுருங்கி அடைபடுகின்றன. இந்நோய் முற்றிலும் நீங்குவதன்று. வாழ்நாள் முழுவதும் உடனிருப்பது. மருத்துவரோ உடனிருக்க இயலாதவர். சிற்றூரிலிருந்து பாளையங்கோட்டைப் பெரிய மருத்துவமனைக்குச் சென்று திரும்பினால் ஒரு நாட்கூலி போய்விடும். அவ்வாறாயின், இரு வருகைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் நோயாளியைக் கவனிப்பவர் யார்?

இவ்வினாவுக்கு விடை தேட உதவும் சோதனை ஒன்று நம் மாநிலத்திலேயே நடைபெற்றது. காசநோயாளிக்குச் சானடோரியமே புகலிடம் என்று உலகம் நம்பிய காலம் அது. படுக்கைகளோ சில, நோயாளிகளோ பலர். 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்தினார். ஏழை நோயாளிகளுள் ஒரு பிரிவினர் வீட்டிலும், மற்றொரு பிரிவினர் சானடோரியத்திலும், ஒரே மருந்துகளை ஓராண்டு உண்டனர். முடிவு 1959-இல் வெளியாயிற்று. கிருமி அடங்கியோர் சானடோரியத்தில் 100-க்கு 92 பேர். வீட்டில் 86 பேர். நல்லுணவும் ஓய்வும் குறைந்த குடிசையிலும் மருந்து ஏறக்குறைய அவ்வளவு பயன் தந்தது. அதனால் குடும்பத்தாருக்கு நோய்த்தொற்று மிகுந்துவிடவும் இல்லை.

இதன் காரணத்தை நாம் கருதவேண்டும். நோயாளியின் கையில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நிலையத்தார் வாளாவிருக்கவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்றனர்; எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர்; சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று அறிந்தனர். மருந்தோடு கண்காணிப்பும் வீடு தேடிச் சென்றது.

இன்று அப்பணிக்குக் கருவிகள் துணைநிற்கின்றன. ஜப்பானிய அறிஞர் டக்குவோ அவோயாகி 1974-இல் வெளியிட்ட கருத்தின் வழி வந்தது பல்ஸ் ஆக்ஸிமீட்டர். அது விரல் வழியே சிவப்பொளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு நிறைந்துள்ளது எனக் காட்டுகிறது. அந்த எண்ணைத் தொலைபேசி வழியாக மருத்துவருக்கு அனுப்பலாம்.

கருவி வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? ஸ்காட்லாந்தின் எடின்பரோப் பகுதியில் 256 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் நாள்தோறும் அளவுகளை அனுப்பினர். மறு பிரிவினர் அனுப்பவில்லை. மருத்துவக் கவனிப்பு இரு பிரிவினருக்கும் ஒன்றே. அளவுகளை அனுப்பியதால் மருத்துவமனையில் சேரும் நாள் தள்ளிப்போகவில்லை. எண்ணை அனுப்புவது எளிது. அதைக் கண்டு தக்க தருணத்தில் செயற்படும் மனிதரே மருத்துவத்தின் உயிர்.

காசநோய்ச் சிகிச்சைக்கு முடிவுண்டு. மூச்சடைப்பு நோய்க்கு அஃதில்லை. ஆகவே இங்குத் தொடர்ச்சி இன்னும் இன்றியமையாதது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலுக்கு மருந்து கொண்டு செல்கிறது. மூச்சு நோயாளிக்கும் அவ்வழியே உகந்தது.

மாணவர்களே, உங்களாலும் ஆவது உண்டு. வீட்டிலுள்ள முதியவரின் மூச்சிரைப்பு, சளியின் அளவு, அதன் நிறம், இரவுத் தூக்கம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இரைப்பு மிகுந்தாலோ சளி நிறம் மாறினாலோ அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மூச்சுத் திணறி உதடு நீலம் பாய்ந்தால் கணமும் தாழ்த்தாது 108-ஐ அழையுங்கள். அக்குறிப்பேடு மருத்துவருக்குப் பெருந்துணையாகும்.