தலைக்கவசத்துள் ஒலிபெருக்கி: செவி நோகாமல் பொருத்தும் முறை

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கோ மூடி இல்லை. வந்த ஒலியை எல்லாம் ஏற்றுக்கொள்வதே அதன் இயல்பு. ஆதலின் செவியின் அருகே எதனை வைப்பதாயினும் அளவறிந்து, இடமறிந்து வைத்தல் வேண்டும்.

ஜொகூர்ப் பாருவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் பல்லாயிரவர். இத்தகையோருள் சிலர் இன்டர்காம் என்னும் உரையாடற் கருவியைத் தலைக்கவசத்தில் பொருத்திக்கொள்கின்றனர். பின்னால் அமர்ந்திருப்பவரோடு பேசவும், கைப்பேசி சொல்லும் வழியைக் கேட்கவும் அது உதவுகின்றது. கருவி நல்லதே. ஆயினும், பொருத்திய சில நாளிலேயே, “காது நோகிறது” என்று ஒரு முறையீடும், “பேச்சுத் தெளிவாக இல்லை” என்று மற்றொரு முறையீடும் எழக் காண்கிறோம். பலர் கருவியையே குறை கூறி, விலை மிகுந்த வேறொன்றை வாங்குகின்றனர். குறை அங்கும் தொடர்கின்றது. காரணம் என்ன? பெரும்பாலும் குற்றம் கருவியில் இல்லை. அதனை வைத்த இடத்தில் உள்ளது. இரு முறையீடுகளுக்கும் வேர் ஒன்றே.

செவிமடல் நோவது ஏன்?

நாம் வெளியே காணும் செவிமடல், வளையும் தன்மையுள்ள குருத்தெலும்பால் ஆனது. அதன்மேல் மெல்லிய தோல் போர்த்தியுள்ளது. இடையே கொழுப்பு மெத்தை ஏதும் இல்லை எனலாம். தோடு அணியும் சோணை மட்டுமே குருத்தெலும்பு இல்லாத மென்மையான பகுதி. தலைக்கவசத்தின் உட்புறத்திலிருந்து கெட்டியான வட்டு ஒன்று செவிமடலை அழுத்துமாயின், ஒருபுறம் வட்டும் மறுபுறம் மண்டையெலும்பும் நெருக்க, இடையே மடல் அகப்பட்டுக்கொள்கிறது. அழுத்தப்பட்ட இடத்தில் குருதியோட்டம் குறைகிறது. முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் தெரிவதில்லை. அரைமணி நேரத்தில் பொறுக்க இயலாத நோவாகிறது. கண்ணாடி அணிபவருக்கு அதன் காம்பும், பெண்களுக்குச் செவியின் மேல்மடலில் அணியும் அணிகலனும் இந்நெருக்கத்தை மிகுவிக்கும்.

நோவு தாங்காதவர் என்ன செய்கிறார்? தாடைவாரைத் தளர்த்துகிறார், கவசத்தைச் சற்று மேலே தூக்கி வைத்துக்கொள்கிறார். விபத்து நேர்கையில், தளர்ந்த வாரையுடைய கவசம் தலையை விட்டுக் கழன்றுவிடக்கூடும். சிறு நோவு பெருந்தீங்குக்கு வழிகோலுவது இவ்வாறுதான்.

பேச்சுத் தெளிவற்றுப் போவது ஏன்?

திறந்த வெளியில், ஒலி பிறக்கும் இடத்துக்கும் செவிக்கும் உள்ள தொலைவு இருமடங்காகுமானால், ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். கவசத்தினுள் இக்கணக்கு அப்படியே பொருந்தாது எனினும், சிறு விலகலும் பெரிய இழப்பாகும் என்பது உண்மை. அன்றியும், ஒலிபெருக்கி செவித்துளைக்கு நேரே இல்லாமல் விலகி நின்றால் முதலில் குறைவது மிகு அதிர்வெண் ஒலிகளே. உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. ஒரு வல்லினத்தை மற்றொரு வல்லினத்திலிருந்து பிரித்துக் காட்டும் கூறுகளோ பெரிதும் உயர்ந்த அதிர்வெண்களில் உள்ளன. அவை தேய்ந்தால் ‘பாலம்’ என்றது ‘காலம்’ எனக் கேட்கும். குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்னும் நிலை இதுவே.

உடனே ஒலியைக் கூட்டுகிறோம். இங்கேதான் இடர் உள்ளது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கவசத்தினுள் காற்றின் இரைச்சலே ஏறத்தாழ 100 டெசிபெல்லை எட்டக்கூடும். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் வகுத்த அளவு. கணக்கிட்டுப் பாருங்கள்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 97க்கு 30 நிமிடம், 100க்கு 15 நிமிடமே. காற்றை வெல்ல ஒலியைக் கூட்டுபவர், தம் செவியின் முதலை அன்றாடம் செலவழிக்கிறார். உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

கவசத்தின் அமைப்பு

இடம் தேடுமுன் கவசத்தின் அடுக்குகளை அறிதல் வேண்டும். வெளியே கெட்டியான ஓடு; அதனுள் பாலிஸ்டைரீன் நுரையாலான கட்டி; அதற்கும் உள்ளே துணி போர்த்திய மென்பஞ்சும் கன்னமெத்தைகளும். மின்கருவிகளைப் பொதிந்து வரும் பெட்டிகளில் காணும் நுரைக்கட்டியைப் போன்றதே இரண்டாம் அடுக்கு. உயிர் காக்கும் பணி பெரிதும் அதனுடையது. மோதலின்போது அது நசுங்குகிறது. நசுங்குவதால் தலை திடுமென நில்லாமல் சற்று நேரம் எடுத்து நிற்கிறது. மூளைக்குச் செல்லும் அதிர்ச்சி குறைகிறது.

இவ்வறிவு எளிதில் கிட்டியதன்று. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்றவர் 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டார். அவருக்கு மருத்துவம் பார்த்தவருள் ஒருவரான நரம்பறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், கவசத்தின் இன்றியமையாமையை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். நசுங்கி அதிர்ச்சியை ஏற்கும் உள்ளடுக்குடைய கவசத்துக்கு ரோத், லம்பார்ட் என்னும் இருவர் 1953இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். மலேசியாவில் 1973 முதல் கவசம் அணிதல் சட்டத்தால் கட்டாயமாயிற்று.

இடம் காணும் முறை

முதலாவதாக, ஒலிபெருக்கி இல்லாமலே கவசத்தை அரைமணி நேரம் வீட்டில் அணிந்து பார்க்க வேண்டும். அப்பொழுதே காது நோகுமாயின் அக்கவசம் உங்கள் தலைக்கு உரியதன்று. எந்த ஒலிபெருக்கியும் அதில் இன்பமாக அமையாது.

இரண்டாவதாக, கன்னமெத்தையைக் கழற்றிச் செவிக்கென விடப்பட்ட குழியைப் பார்க்க வேண்டும். அதன் ஆழத்தையும் அகலத்தையும் அளந்த பின்னரே ஒலிபெருக்கியைத் தேர்க. 40 மில்லிமீட்டர் விட்டமுடையவை மிகுதியாகக் கிடைக்கின்றன. ஆழம் குறைந்த குழிக்குப் பெரிய ஒலிபெருக்கியை விட மெல்லியதே ஏற்றது.

மூன்றாவதாக, மேசைமேல் கவசத்தை வைத்துக் கண்ணளவாக இடம் குறிக்கலாகாது. அணிந்தபின் கவசம் தலையில் இறங்கி அமரும் நிலை வேறு. ஒலிபெருக்கியை ஒட்டுப்பட்டையால் தற்காலிகமாக ஒட்டி, பழக்கமான குரல் ஒன்றை மெல்லிய ஒலியில் ஒலிக்கவிட்டுக் கவசத்தை அணிக. பின்னர் இரு கைகளாலும் கவசத்தைச் சிறிது முன்னும் பின்னும், மேலும் கீழும் அசைக்க. எப்பக்கம் அசைக்கும்போது சொல் தெளிகிறதோ, அப்பக்கமாகவே ஒலிபெருக்கியை நகர்த்தி ஒட்டுக. இவ்வாறு மூன்று நான்கு முறை செய்தால் செவித்துளைக்கு நேரான இடம் அமைந்துவிடும். வலச்செவிக்குக் கண்ட இடமே இடச்செவிக்கும் பொருந்தும் என்று கொள்ளாது, தனித்தனியே பார்த்தல் நலம்.

நான்காவதாக, நெருக்கம். மடலைத் தொடாமல், ஆயின் இயன்றவரை அண்மையில் இருப்பதே சரியான நிலை. குழி ஆழமாயின் பின்னே மென்பட்டை வைத்து முன்னே கொணரலாம். மடலைத் தொடுமாயின் அப்பட்டையை எடுத்துவிடலாம். கம்பிகள் கன்னத்தெலும்பின் மீதோ நெற்றிப்பொட்டின் மீதோ செல்லாமல் மெத்தையின் ஓரமாகச் செல்லட்டும். கவசத்தை அணியும்போது செவிமடல் மடிந்துகொள்வதும் உண்டு. வாரை இருபுறமும் விரித்துப் பிடித்து அணிந்தால் அது நேராகும்.

செய்யத்தகாதது

இடம் போதவில்லையென்று கத்தி கொண்டு நுரைக்கட்டியைச் செதுக்குவோர் உளர். இது செய்யவே தகாதது. செதுக்கிய இடத்தில் நசுங்குவதற்கு நுரை இராது. அதன் இடத்தில் கெட்டியான வட்டு, அதுவும் மண்டையின் பக்கவாட்டில், நிற்கும். ஐக்கிய நாடுகளின் 22ஆம் ஒழுங்குவிதியில் 2021இல் நடைமுறைக்கு வந்த 06ஆம் திருத்த வரிசை, துணைக்கருவிகளோடு கூடிய கவசத்தைச் சோதிக்கும் விதிகளையும் சேர்த்துக்கொண்டது இக்கவலையினால்தான். இடம் இல்லையெனில், செவிக்குழி ஆழமான வேறு கவசத்தையோ மெல்லிய ஒலிபெருக்கியையோ நாடுவதே முறை.

நெடும்பயணத்தில், சட்டம் இடந்தரும் நாடுகளில், மென்மையான செவியடைப்பானை அணிவது காற்றின் இரைச்சலைக் குறைக்கும். நேரே அமைந்த ஒலிபெருக்கியின் பேச்சு அதனூடும் விளங்கும். ஒலியைக் கூட்டுவதினும் இரைச்சலைக் குறைப்பது அறிவுடைமை.

ஆகவே, நோவுக்கும் தெளிவின்மைக்கும் மருந்து ஒன்றே: செவித்துளைக்கு நேராக, மடலைத் தொடாமல் வைத்தல். கருவிக்காகக் கவசத்தைக் குறைக்கலாகாது. கவசத்துக்கு ஏற்பக் கருவியைத் தேர்தலே தக்கது. பேச்சுக் கேட்கவில்லையெனில் வண்டியை ஓரமாக நிறுத்திப் பேசலாம். கவசம் காக்கத் தவறினால் பின்பு திருத்திக்கொள்ள வழியில்லை.