மலைநாட்டுக் கலைப்பள்ளி

செல்வங்களுள் களவாற் குறைவன சில; கவனிப்பாரின்றி மறைவன பல. முன்னோர் பாடிய பாட்டும் அவர்தம் கைத்தொழிலும் பின்னவற்றின்பாற்படும். அவற்றைப் பேணிய ஒரு சிற்றூரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரில், வட கரோலினாவின் மேற்குக் கோடியில் உள்ளது பிராஸ்டவுன் என்னும் ஊர். 1908-இல் ஜான் காம்பெல் என்பாரும் அவர்தம் துணைவியார் ஆலிவ் அம்மையாரும் அம்மலைநாடெங்கும் பயணஞ் செய்யத் தொடங்கினர். கணவர் குடிகளின் உழவு முதலியவற்றை ஆராய்ந்தார். அம்மையார் அவர்கள் வாய்வழியே போற்றிவந்த பழங்கதைப் பாடல்களைத் திரட்டினார். அவற்றின் அருமையுணர்ந்த ஆங்கில இசையறிஞர் செசில் ஷார்ப் 1916-இல் அம்மலைநாட்டிற்கு வந்து தாமும் பாடல்களைத் தொகுத்தார். இருவர் தொகுப்பும் 1917-இல் ஒரே நூலாக வெளிவந்தது.

1919-இல் காம்பெல் காலமானார். அம்மையாரோ மனந்தளராது, மார்கரைட் பட்லர் என்னும் நங்கையாருடன் டென்மார்க்கு முதலிய நாடுகளுக்குச் சென்று, குருண்ட்விக் என்னும் கிறிஸ்தவப் பெரியாரின் கருத்தினின்று எழுந்த மக்கட்பள்ளிகளை நேரிற் கண்டார். ஆண்டுத் தேர்வுகளும் இல்லை, பட்டங்களும் இல்லை. ஊரை விட்டு அகற்றாது, ஊர்வாழ்க்கையைச் சிறப்பிக்குங் கல்வியே அங்கு நோக்கம். இத்தகைய பள்ளியே மலைநாட்டிற்கு ஏற்றதென அவர் துணிந்தார்.

பிராஸ்டவுன் மக்களிடம் இக்கருத்து எட்டியதும், 200-க்கு மேற்பட்டோர் ஆலயத்திற் கூடி, உழைப்பும் மரமும் பிறவும் தருவதாக வாக்களித்தனர். 1925-இல் காம்பெல் பெயரால் அப்பள்ளி தோன்றியது. பொழுதுபோக்காக மரத்துண்டைச் சீவிக்கொண்டிருந்த உழவர், அங்கே விலங்கும் பறவையுஞ் செதுக்கிப் பொருளீட்டக் கற்றனர். நெசவும் கொல்லுவேலையும் இசையும் ஆடலும் இன்றும் அங்குப் பயிற்றப்படுகின்றன.

ஆயினும், டேனிய ஆடல்களும் அப்பள்ளியிற் புகுந்தமையால், மலைநாட்டு மரபு யாது, வந்தேறிய வழக்கு யாது என வினவுவாரும் உளர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. பிறர் மரபைப் பேண முற்படுவோர், எதைப் பேணுவது என்பதைத் தாமே தெரிந்தெடுக்கவும் நேர்கின்றது. அத்தெரிவில் ஊராருக்கும் பங்கு உண்டாயின், மரபு அவர்களுடையதாகவே நிற்கும். இன்றேல் அது காட்சிப்பொருளாய்விடும்.

மதிப்பெண்ணையே எண்ணிப் பயிலும் நாம், நம் கல்வி நம்மைப் பிறந்த ஊரினின்று எத்துணைத் தொலைவு அகற்றியுள்ளது என்று ஒருகாற் சிந்திப்போமாக.