புது வருஷமும் சிறுவர் சங்கல்பமும்

ஜனவரி முதல் தேதியன்று எத்தனையோ வீடுகளில் ஒரு காட்சியைக் காண்கிறோம். தகப்பனார் மகனை அழைத்து, "இவ்வருஷம் வகுப்பில் நீயே முதலாவதாக வரவேண்டும்" என்று கட்டளையிடுகிறார். மகனும் தலையை அசைக்கிறான். பொங்கல் வருவதற்குள் இருவரும் அதை மறந்துவிடுகிறார்கள். இதை அற்ப விஷயமென்று நாம் கருதவில்லை. கொடுத்த வாக்கைக் காற்றில் விடலாம் என்பதையும், தன்னால் ஒன்றும் ஆகாது என்பதையும் அச்சிறுவன் அன்றே கற்றுக்கொள்கிறான். பின்னர் களைவதற்கு அரிய நோய்கள் இவை.

பிழை சிறுவனுடையதன்று. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முதலிடம் ஒன்றே. அதை அடைவது அவன் கையில் மட்டும் இல்லை. தினம் ஐந்து கணக்குப் போடுவதோ முற்றிலும் அவன் கையில் இருக்கிறது. தன் முயற்சிக்கு உட்பட்டதையே ஒருவன் சங்கல்பமாகக் கொள்ளுதல் தகும்.

லண்டனில் சட்டம் படிக்கச் சென்ற காந்தியடிகள் அந்நகர் மெட்ரிகுலேஷன் பரீக்ஷைக்கும் செல்லத் துணிந்தார். கையிலிருந்ததோ ஐந்தே மாதம். நிமிஷக் கணக்காக அட்டவணை வகுத்துப் படித்தும் லத்தீனில் தவறினார். அவர் மனம் தளரவில்லை. அதே சுமையை அதே விதமாக மீண்டும் தூக்கவுமில்லை. சுவைக்காத ரசாயனத்தை விட்டு, எளிதெனக் கருதப்பட்ட உஷ்ணம், ஒளி பற்றிய பாடத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்குக் குடிபெயர்ந்து வாழ்க்கையையும் சுருக்கினார். 1890-ல் தேறினார். லக்ஷியத்தைக் கைவிடாமல் வழியைத் திருத்திக்கொள்ளும் இவ்வித்தையை நம் குழந்தைகளுக்கு யார் கற்பிப்பது?

பெற்றோர்களே கற்பிக்க வேண்டும். நம் பள்ளிகளில் ஜனவரி என்பது வருஷத் துவக்கமன்று. ஆண்டுப் பரீக்ஷை நெருங்கும் காலம். ஆகவே எஞ்சிய சில வாரங்களுக்கு எது இயலும் என்று முதலில் குழந்தையையே கேட்க வேண்டும். அவன் கூறுவதில் ஒன்றை மட்டும் தேர்ந்து, முடித்த நாளை அவன் கையாலேயே காலண்டரில் குறிக்கச் செய்யலாம். இடையில் இரண்டு நாள் தவறினால் வசை வேண்டாம். ஐந்து கணக்கை மூன்றாக்கி மறுநாளே தொடங்கச் செய்வது மேல்.

கூட்டந்தோறும் தீர்மானங்களை நிறைவேற்றி, பந்தலைப் பிரிக்குமுன் அவற்றை மறப்பது பெரியவர்களாகிய நம்மிடமே மலிந்த வழக்கம். ஆதலின் தகப்பனாரும் தமக்கென ஒரு சிறு விரதம் பூண்டு, மகனறிய அதைக் காத்து வருவாராக. சொன்னதைச் செய்யும் சிறுவனே நாளை நாடு நம்பத்தக்க மனிதனாவான்.