குறைந்த செலவில் ஒரு டிரைபாட்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

பாடக் காணொளி எடுப்பது இன்று பல ஆசிரியர்களுக்கு வழக்கமான வேலைகளில் ஒன்றாகிவிட்டது. ஒரு கணக்கின் படிநிலைகள், ஓர் அறிவியல் சோதனை, ஒரு கதை என்று கைபேசியில் பதிவு செய்கிறோம். அன்று பள்ளிக்கு வராத மாணவருக்கு அதை அனுப்புகிறோம். நல்ல கேமரா உள்ள கைபேசி நம்மில் பலரிடம் இருக்கிறது. அதை அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான் ஏதும் இருப்பதில்லை. மாணவர் ஒருவரைப் பிடிக்கச் சொன்னால் சில நிமிடங்களில் கை தளர்ந்து படம் ஆடத் தொடங்கும். அந்த மாணவருக்கு அன்றைய பாடமும் போய்விடும்.

இதற்குத் தீர்வு டிரைபாட் எனப்படும் கேமரா முக்காலி. கடைகளில் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் ரூபாய் வரை கிடைக்கிறது. பெரும்பாலும் நம் சொந்தப் பணத்தில் வாங்கப்போகும் பொருள் என்பதால், எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அசையாத படம் ஏன் தேவை?

பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் என்பது மட்டும் காரணமன்று. காணொளியைப் பதிவு செய்யும்போது கைபேசி ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. பெரும்பாலும் முந்தைய சட்டகத்திலிருந்து மாறிய பகுதிகளையே சேமிக்கிறது. கேமரா அசையாமல் இருந்தால் மாறுவது ஆசிரியரின் கையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே. கேமரா ஆடினால் கரும்பலகை, சுவர், சன்னல் எல்லாமே மாறுகின்றன. அப்போது கோப்பின் அளவு கூடும், அல்லது எழுத்துகள் மங்கும். மாலையில் அப்பாவின் கைபேசியில், மிச்சமிருக்கும் இணைய அளவில் பாடம் பார்க்கும் குழந்தைக்கு இது பெரிய வேறுபாடு.

முதலில் அளவு நாடாவை எடுங்கள்

கடைக்குப் போகுமுன் வகுப்பறையில் ஓர் அளவை எடுக்க வேண்டும். தரையிலிருந்து கரும்பலகையின் நடுப்பகுதி எவ்வளவு உயரம்? கேமரா அந்த உயரத்தில், பலகைக்கு நேராக இருப்பதே சிறந்தது. தாழ்வாக வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால், செவ்வகமான பலகை மேற்புறம் குறுகிச் சரிவகமாகத் தெரியும். மேல் வரியில் உள்ள எழுத்துகளும் சிறுத்துவிடும். சுவரில் உயரமாக உள்ள பலகைக்கு ஏறத்தாழ ஐந்தடி உயரும் டிரைபாட் வேண்டியிருக்கும். தொடக்க வகுப்புகளின் தாழ்வான பலகைக்கும், மேசைமேல் செய்யும் சோதனைக்கும் அவ்வளவு உயரம் தேவையில்லை. மேசைமேல் வைக்கும் சிறிய டிரைபாடே போதும்.

உறுப்புகளை அறிவோம்

கால்கள்: ஒரே நேர்க்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் மேடுபள்ளமான தரையில் நான்குகால் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. ஒவ்வொரு காலும் குழாய்க்குள் குழாயாக மடங்கும். அடுக்குகள் கூடக் கூட மடக்கும்போது சிறிதாகும். ஆனால் கடைசிக் குழாய் மெலிந்துவிடும். ஒரே விலையில் மூன்றடுக்குக் காலும் நான்கடுக்குக் காலும் இருந்தால், பள்ளிக்கு மூன்றடுக்கே ஏற்றது.

நடுத்தண்டு: உயரத்தைக் கூட்ட நடுவிலிருந்து மேலே இழுக்கும் தண்டு. இதை முழுவதும் உயர்த்தினால், மூன்றுகால் மேடையில் ஒற்றைக்கால் நிறுத்தியதுபோல் ஆகிவிடும். ஈர்ப்பு மையம் மேலே போகும், ஆட்டம் கூடும். எனவே அட்டைப்பெட்டியில் உள்ள அதிகபட்ச உயரத்தை மட்டும் பார்க்காமல், நடுத்தண்டை உயர்த்தாத நிலையில் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். நமக்குத் தேவை அந்த அளவுதான்.

தலை: கேமராவைத் திருப்பவும் சாய்க்கவும் உதவும் பகுதி. பந்துத் தலையில் ஒரே திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் திரும்பும்; புகைப்படத்துக்கு வசதியானது. ஆனால் விலை குறைந்த பந்துத் தலைகளில் கனம் ஏறினால் மெல்லச் சரியும் வாய்ப்பு உண்டு. கைப்பிடியுடன், பக்கவாட்டுக்கும் மேல் கீழுக்கும் தனித்தனித் திருகு உள்ள தலை பாடக் காணொளிக்குப் பொருத்தமானது.

திருகு: கேமராவை இணைக்கும் திருகு பெரும்பாலும் கால் அங்குல விட்டம் கொண்டது, உலகெங்கும் பொதுவான அளவு. எனவே கைபேசியைப் பற்றும் ஹோல்டரைத் தனியாக வாங்கியும் பொருத்தலாம். ஹோல்டர் உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஹோல்டரும் காலும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக அமைந்தவற்றைத் தவிர்ப்பது நல்லது.

கடையில் செய்யும் சோதனைகள்

1. கால்களை முழுமையாக நீட்டி, பூட்டுகளைப் பூட்டி, தலையை மேலிருந்து மெதுவாக அழுத்துங்கள். எந்தக் காலும் உள்ளே இறங்கக் கூடாது.

2. உங்கள் கைபேசியைப் பொருத்தி, ஒரு காலை விரலால் இலேசாகத் தட்டுங்கள். ஆட்டம் ஓரிரு நொடிகளில் அடங்க வேண்டும்.

3. கைபேசியைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் திருகை இறுக்கி, ஒரு நிமிடம் விடுங்கள். அது தானாகச் சரியக் கூடாது.

4. கால்களின் அடியில் இரப்பர் உள்ளதா, அது கழன்று வருகிறதா என்று பாருங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் இரப்பர் இல்லாத கால் வழுக்கும்.

5. தாங்கும் எடை எவ்வளவு என்று பாருங்கள். கைபேசியும் ஹோல்டரும் சேர்ந்து சுமார் 300 கிராம் இருக்கும். லென்சுடன் கூடிய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒரு கிலோவை எட்டலாம். நாம் வைக்கும் எடையைப்போல் இரண்டு மடங்காவது தாங்கக்கூடியதே பாதுகாப்பு.

பணத்தைப் பிரித்துச் செலவிடுவோம்

மேசை டிரைபாடுகள் 500 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. ஐந்தடி உயரும் அலுமினிய டிரைபாடுகள் ஏறத்தாழ 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். கார்பன் இழையால் ஆனவை எடை குறைந்தவை. விலையோ பல மடங்கு. மலையேறிப் படமெடுப்பவருக்கு அது தேவை. வகுப்பறை மூலையில் நிற்கும் டிரைபாடுக்குச் சற்றுக் கனம் இருப்பதே நல்லது.

கையில் 2,000 ரூபாய் இருந்தால் முழுவதையும் டிரைபாடுக்கே செலவிட வேண்டியதில்லை. படம் தெளிவாக இருந்தும் குரல் கேட்காவிட்டால் பாடம் பயன்படாது. எனவே சட்டையில் குத்தும் சிறிய கம்பி மைக் வாங்கச் சில நூறு ரூபாயை ஒதுக்கிவையுங்கள். ஓரிரு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள பள்ளிகள், அருகிலுள்ள பள்ளியுடன் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். பள்ளி நிதியில் வாங்க எண்ணினால் தலைமையாசிரியருடன் பேசி, வாங்கியதும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும்.

மேலிருந்து படம் பிடிக்க

எழுத்துப் பயிற்சி, வரைபடம், வடிவியல் வரைமுறை போன்றவற்றை மேலிருந்து எடுத்தால்தான் விளங்கும். இதற்குக் கிடைமட்டக் கை ஒன்றை டிரைபாடில் இணைக்கிறார்கள். இங்கே திருப்புத்திறன் பாடம் நேரடியாகப் பயன்படுகிறது. 300 கிராம் கைபேசி மையத்திலிருந்து 40 செ.மீ. தள்ளித் தொங்கினால் திருப்புத்திறன் 12,000 கிராம்-செ.மீ. எதிர்ப்புறத்தில் 12 செ.மீ. தொலைவில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிட்டால் அது சமனாகும். கையின் சொந்த எடைக்காகப் புட்டியைச் சற்று வெளியே நகர்த்த வேண்டியிருக்கும். கைபேசி நீளும் திசையில் ஒரு கால் இருக்குமாறு வைத்தால் பிடிமானம் இன்னும் கூடும். இதை மாணவர்களையே கணக்கிட்டுச் செய்யச் சொல்லலாம்.

பாதுகாப்பு

குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் விரித்து வைத்த டிரைபாட் காலை இடறும். நடைபாதையிலும் வாசலிலும் நிறுத்தாதீர்கள். கால்களை முழு அகலத்துக்கு விரித்து, அவை இருக்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுவிடுங்கள். மாணவர் முகம் தெரியும் காணொளியாக இருந்தால், பகிருமுன் பெற்றோர், தலைமையாசிரியர் இருவரின் ஒப்புதலையும் பெற்றுவிடுங்கள்.

அந்தச் சுண்ணக்கட்டி வட்டங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. டிரைபாடை நாள்தோறும் அதே வட்டங்களில், அதே உயரத்தில் நிறுத்தி, முளைவிடும் பச்சைப்பயறை ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்து வாருங்கள். பத்து நாள் படங்களை அடுத்தடுத்துத் திரையில் காட்டினால் செடி வளர்வதைக் குழந்தைகள் கண்ணால் காண்பார்கள். மைதானத்தில் நட்ட குச்சியின் நிழலை மணிக்கு ஒருமுறை எடுத்தால் சூரியனின் தோற்ற நகர்வு விளங்கும். நமக்காக வாங்கும் டிரைபாட் இவ்வாறு மாணவர்கள் உற்றுநோக்கிக் கற்கவும் ஒரு கருவியாகும்.

வாங்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். மேசைமேல் நாற்காலி, அதன்மேல் புத்தக அடுக்கு, கைபேசி சரியாமலிருக்க மணல் நிரப்பிய சிறு துணிப்பை; இவையே முதல் பாடத்துக்குப் போதும். இரண்டு மூன்று காணொளிகள் எடுத்த பிறகு, உங்களுக்குத் தேவை உயரமா, மேலிருந்து எடுக்கும் வசதியா என்பது தெளிவாகும். அதன் பிறகு கடைக்குப் போனால், கொடுக்கும் பணத்துக்கு உரிய பொருளாகப் பார்த்து வாங்கலாம்.