முள் அசையாத கோளாறு

கொச்சியின் மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்றால் காயலின் அக்கரையில் வில்லிங்டன் தீவு. ஃபாக்ட் உர நிறுவனத்தின் 10,000 டன் அம்மோனியாத் தொட்டி அங்கேதான் இருக்கிறது. சுமார் மைனஸ் 33 டிகிரிக் குளிரில் திரவமாகக் கிடக்கும் அம்மோனியாவை பார்ஜில் ஏற்றிக் கால்வாய் வழியே ஆலைகளுக்குக் கொண்டுபோவார்கள். 1994-இல் கேரள உயர் நீதிமன்றம் இந்தத் தொட்டியை மூடச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. போபால் விஷவாயு விபத்து நடந்து அப்போது பத்து வருடம்தான். ஊர் பயந்ததில் நியாயம் இருந்தது.

இப்படிப்பட்ட ஆலைகளில் கோளாறு வந்தால் அலாரம் அடிக்கும் என்றுதான் நாம் நம்புகிறோம். எல்லாக் கோளாறும் அலாரத்தை எட்டுவதில்லை. உலையைக் குளிர்விக்க வரும் தண்ணீர் திடீரென்று சூடாகிவிட்டது என்று வையுங்கள். கட்டுப்பாட்டுக் கருவி உடனே வால்வை அகலத் திறந்து கூடுதல் தண்ணீர் விடும். கொஞ்ச நேரத்தில் உலையின் வெப்பம் பழைய அளவுக்கே வந்துவிடும். வெப்பமானியின் முள் அசையாது. காய்ச்சலை மாத்திரையால் அடக்கிக்கொண்டு வேலைக்கு வந்தவரைப் போல ஆலை ஓடிக்கொண்டிருக்கும். வால்வு மட்டும் வழக்கத்தைவிட அதிகம் திறந்திருக்கும். கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்வதாலேயே கோளாறு மறைந்துபோகிறது! எனக்குப் பெரிய வியப்பு இதுதான்.

ஆகவே ஒவ்வோர் அளவையும் தனித்தனியே பார்த்துப் பயனில்லை. எது எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்த வெங்கட் வெங்கடசுப்ரமணியன், கிங் சானுடன் சேர்ந்து 1989-இலேயே இதை, உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் கணினி நிரலான நரம்பு வலையமைப்புக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். அவர்கள் எடுத்துக்கொண்டது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கனமான எண்ணெயை உடைக்கும் கிராக்கிங் யூனிட். கொச்சியின் அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலையிலும் அத்தகைய யூனிட் உண்டு. இன்றைய ஆழ்கற்றல் வலையமைப்புகள் அடுக்கடுக்காகப் பெருத்தவை. சில வகைகள் கடந்த சில மணி நேரத்தையும் நினைவில் வைத்து எடைபோடும்.

ஆனால் நிஜ ஆலைகளில் பெரிய கோளாறுகள் அபூர்வம். கற்றுக்கொள்ளப் போதிய உதாரணம் கிடைக்காது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் டவுன்ஸும் வோகலும் 1993-இல் வெளியிட்ட டென்னசி ஈஸ்ட்மன் என்ற, கணினியில் மட்டுமே ஓடும் மாதிரி ஆலையிடம் போகிறார்கள். 41 அளவீடுகள், 12 கட்டுப்பாடுகள், வேண்டுமென்றே புகுத்தக்கூடிய 20 கோளாறுகள். மேலே சொன்ன குளிர்நீர்க் கோளாறு அதில் நான்காவது. வால்வைக் கவனிக்கும் வலையமைப்பு அதை எளிதில் பிடித்துவிடும். பதினைந்தாவதில் குளிர்விப்பானின் தண்ணீர் வால்வு லேசாக ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதைக் காட்டினால் பல வலையமைப்புகள் இன்றும் ஆலை நலம் என்றே சொல்கின்றன.